மீன்தொட்டியில் பாசி: மூலமும் களையும் முறையும்

முன்னுரை

அழகு மீன் வளர்த்தல் இன்று தமிழகத்தின் பேரூர்களில் மட்டுமன்றிச் சிற்றூர் இல்லங்களிலும் இடம்பெற்றுவிட்ட ஒரு பொழுதுபோக்காகும். சென்னையைச் சார்ந்த கொளத்தூர், அழகு மீன்களை வளர்த்து விற்பதில் நாடறிந்த ஊராக விளங்குகிறது. கப்பி, மோலி, தங்கமீன், ஏஞ்சல் எனப் பல மீன்களைச் சிறுவர்களும் பெயர் சொல்லி அழைக்கும் அளவிற்கு இக்கலை பரவியுள்ளது.

எனினும், ஆர்வத்துடன் மீன்தொட்டி அமைப்போர் பலர் முதல் சில திங்களுக்குள்ளேயே ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். கண்ணாடி மங்குகிறது, கூழாங்கற்கள் பழுப்பேறுகின்றன, நீர் பசுங்குழம்பாகிறது. தேய்த்துக் கழுவினால் பத்து நாளில் மீண்டும் அதே நிலை. சலிப்புற்றவர் கடையில் கிடைக்கும் பாசி மருந்தை ஊற்றுகிறார். மறுநாட் காலையில் மீன்கள் மிதக்கின்றன. பின்னர்த் தொட்டி பரணுக்குச் செல்கிறது. இவ்வாறு மீன்கள் மடிவதற்குப் பாசியைக் காட்டிலும் பாசியைப் பற்றிய அறியாமையே பெரிதும் காரணமாகிறது.

நோய் இன்னதென அறிதல், அதன் மூலத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல், அறிந்தவாறு பிழையின்றிச் செய்தல் என்னும் ஒழுங்குமுறையைத் திருக்குறளின் மருந்து அதிகாரம் வகுத்துக் காட்டுகிறது. அம்முறையைப் பின்பற்றி, இல்லத்து நன்னீர் மீன்தொட்டியில் தோன்றும் பாசியின் இயல்பையும், அது தோன்றும் காரணத்தையும், அதனைக் களையும் வழிகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாசி என்னும் சொல்

பசுமை, பச்சை, பசலை, பாசி என்பன ஒரே வேரில் கிளைத்த சொற்கள். நிறத்தால் பெயர் பெற்ற பொருள் பாசி. ஆயினும், தமிழர் வழக்கில் இச்சொல் மிகப் பரந்த பொருளை உடையது. குளத்துப் படிக்கட்டில் வழுக்குவதும் பாசி; பிரியாணிக்கு மணமூட்டும் கல்பாசியும் பாசி; நோன்புக் காலத்தில் நம் இல்லங்களில் காய்ச்சி உறையவைத்து உண்ணும் கடற்பாசியும் பாசி. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமையை ஏலம் விடுவதைக்கூட ‘மீன்பாசி’ ஏலம் என்றே ஊரார் வழங்குவர்.

அறிவியல் நோக்கில் இவை யாவும் ஒன்றல்ல. கல்பாசி என்பது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் கூட்டுயிர். உண்ணும் கடற்பாசி, செம்பாசி இனத்திலிருந்து எடுக்கப்படும் பசைப்பொருள். மன்னார் வளைகுடாக் கரையோரத்தார் கஞ்சிப்பாசி என்றும் மரிக்கொழுந்துப் பாசி என்றும் அழைப்பவை அவ்வினத்தனவே. வேர், தண்டு, இலை என்னும் பாகுபாடின்றி, நீரிலோ ஈரத்திலோ வாழ்ந்து, ஒளியைக் கொண்டு தம் உணவைத் தாமே ஆக்கிக்கொள்ளும் எளிய உயிர்களையே அறிவியலார் பாசிகள் என்பர். இந்தியாவில் இத்துறையை வளர்த்தெடுத்த முன்னோடி, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியராக விளங்கிய எம்.ஓ.பி. அய்யங்கார் (1886–1963) ஆவார். அவர் மாணவர் டி.வி. தேசிகாசாரி 1959-இல் வெளியிட்ட நீலப்பசும்பாசிகள் பற்றிய நூல் உலகெங்கும் ஆய்வாளர்களால் போற்றப்படுவது. பாசியியலில் தமிழகம் பெற்ற சிறப்பை இவை உணர்த்தும்.

பாசியின் இயல்பைத் தமிழ்ப் புலவர்கள் நுட்பமாகக் கண்டிருந்தனர் என்பதற்குக் குறுந்தொகையின் 399-ஆம் பாடல் சான்றாகும். பரணர் இயற்றிய அப்பாடல், தலைவியின் மேனியில் படரும் பசலையை ஊரார் நீருண்ணும் கேணியின் பாசிக்கு உவமை கூறுகிறது. கை பட்ட இடத்தில் ஒதுங்குவதும், கையை எடுத்தவுடன் மீண்டும் வந்து மூடுவதும் ஆகிய இரண்டுமே அவ்வுவமையின் உயிர். மீன்தொட்டியைத் தேய்த்துக் கழுவிவிட்டு இனிப் பாசி வாராது என்றிருப்போர் அறியவேண்டிய உண்மையும் இதுவே. பாசியை அகற்றுதல் வேறு. பாசிக்குரிய காரணத்தை அகற்றுதல் வேறு.

முதல் தொட்டியும் முதல் பாசியும்

மீன்தொட்டியில் பாசி புதிய சிக்கலன்று. தொட்டியின் வரலாறு தொடங்கும்போதே பாசியின் வரலாறும் தொடங்கிவிடுகிறது. இங்கிலாந்து நாட்டு வேதியியலறிஞர் இராபர்ட் வாரிங்டன் என்பார், மீனும் செடியும் ஒன்றையொன்று காத்து வாழும் ஒரு சிறு உலகை அமைக்க முயன்றார். 12 காலன், அதாவது ஏறத்தாழ 54 லிட்டர் கொள்ளளவுள்ள கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் ஒரு வாலிஸ்நேரியாச் செடியையும் இட்டார். மீன் வெளியிடும் கரியமில வாயுவைச் செடி ஏற்கும். செடி வெளியிடும் உயிர்வளியை மீன் ஏற்கும் என்பது அவர் கணக்கு. கணக்குச் சரியாகவே இருந்தது. ஆயின், செடியின் முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின. அவ்வழுகலில் பாசி படர்ந்து நீர் கலங்கியது. அந்நிலையில் அவர் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகிய இலையையும் பாசியையும் உண்டன, அவை இட்ட முட்டைகள் மீனுக்கு இரையாயின, தொட்டி தெளிந்தது. இவ்வாய்வை அவர் 1850-இல் இலண்டன் வேதியியல் கழகத்தில் எடுத்துரைத்தார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்னும் சொல் உலக வழக்காயிற்று.

நம் இல்லங்களில் பெரிதும் காணப்படும் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவும் ஏறத்தாழ 54 லிட்டரே. வாரிங்டன் அதில் இட்டவை இரண்டே மீன்கள். நாமோ இருபது மீன்களை இட்டு, வேளைக்கொரு பிடி உணவும் இடுகிறோம். அழுகும் பொருள் எங்கு மிகுகிறதோ அங்குப் பாசி வரும் என்னும் அவர் பட்டறிவு, நம் தொட்டிகளுக்குப் பன்மடங்கு பொருந்தும்.

பாசிக்கு மூலம்

பாசி வளர மூன்று தேவை: ஒளி, ஊட்டம், இடம். மூன்றாவதைத் தவிர்க்க இயலாது. நீர், செடி, மீன், காற்று ஆகிய எல்லா வழியாலும் பாசியின் நுண்வித்துகள் தொட்டியை வந்தடையும். ஆகவே பாசியே இல்லாத தொட்டி என்பது இயற்கையில் இல்லை. நாம் ஆளக்கூடியவை ஒளியும் ஊட்டமுமே.

முதலாவது ஒளி. தமிழகத்தில் ஆண்டு முழுவதும் பகற்பொழுது பதினொன்று முதல் பதின்மூன்று மணி நேரம் வரை நீடிக்கிறது. சன்னலோரத்துத் தொட்டியில் விழும் நேர்வெயில், நாம் பொருத்தும் எந்த விளக்கினும் வலிமை மிக்கது. அதனோடு, மாலையில் ஏற்றிய விளக்கை உறங்கச் செல்லும்வரை அணைக்காது விடுவதும் சேர்ந்தால், பாசிக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர விருந்து கிடைக்கிறது. நீர்ச்செடிகளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர ஒளி போதும். மீன்களுக்கு அதுவும் தேவையில்லை.

இரண்டாவது ஊட்டம். மீன் உண்ட உணவின் கழிவும், உண்ணாது விட்ட எச்சமும் அழுகி அமோனியாவாகின்றன. வடிகட்டியிலும் மணலிலும் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அமோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அத்துணைக் கொடிதன்று. இந்நுண்ணுயிர்கள் நன்கு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். புதிய தொட்டியில் முதல் நாளே மீன்களை நிரப்புவோர் மீனையும் துன்புறுத்துகின்றனர். பாசிக்கும் வழி திறக்கின்றனர். உணவின் வழியே பாஸ்பேட்டும் நீரில் சேர்கிறது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வயலுக்கு இடும் உரத்தின் உட்பொருள்களே. உரமிட்ட நீரில் பயிர் இல்லையெனில் களை வளரும் என்பது உழவர் அறிந்த செய்தி.

மூன்றாவதாகக் கருதத்தக்கது சமநிலை. தாவர வளர்ச்சி என்பது மிகக் குறைவாகக் கிடைக்கும் ஊட்டப்பொருளின் அளவையே பொறுத்தது என்னும் விதியை ஜெர்மானிய அறிஞர் லீபிக் பரப்பினார். பலகைகளால் ஆன பீப்பாயில் எப்பலகை குட்டையோ அப்பலகையின் உயரம் வரைதான் நீர் நிற்கும் என்னும் விளக்கம் இவ்விதிக்குக் கூறப்படுவது. தொட்டியில் ஒளி மிகுந்து, கரியமில வாயுவோ பொட்டாசியமோ இரும்போ குறைந்துவிடின், நீர்ச்செடியின் வளர்ச்சி தடைப்படும். செடி நின்ற இடத்தில் பாசி முந்தும். அதன் தேவை மிகச் சிறிதாகையால் எஞ்சியதைக் கொண்டே அது வளர்ந்துவிடும். எனவே செடிகள் நலமாக வளரும் தொட்டியில் ஓரளவு நைட்ரேட் இருப்பினும் பாசி மிகுவதில்லை. செடிகள் நலிந்த தொட்டியில் சிறிதளவு ஊட்டமும் பாசியாகிறது. செடிக்கும் பாசிக்கும் இடையே நிகழும் இப்போட்டியே சிக்கலின் மையம் எனலாம்.

பாசியின் வகைகள்

வகையறியாது மருத்துவம் செய்தல் பயனற்றது. இல்லத்துத் தொட்டிகளில் பெரிதும் காணப்படும் ஆறு வகைகளை ஈண்டு நோக்குவோம்.

1. பழுப்புப் பாசி: புதிய தொட்டியின் கண்ணாடியிலும் கற்களிலும் பழுப்புநிறத் தூசியாகப் படிவது. டையாட்டம் என்னும் நுண்ணுயிர்கள் இவை. இவற்றின் மேலோடு சிலிக்காவால் ஆனது. விரலால் தொட்டாலே அகன்றுவிடும். தொட்டி முதிர்ந்து ஆறு முதல் எட்டு வாரங்களில் பெரும்பாலும் தானே மறையும். இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை.

2. பசுநீர்: நீர் முழுவதும் பச்சையாகி மீனே தெரியாமற் போகும் நிலை. ஓரணுப் பாசிகள் கோடிக்கணக்கில் மிதப்பதால் நேர்வது. அவை மிக நுண்ணியவை ஆதலின் சாதாரண வடிகட்டியில் சிக்குவதில்லை. நேர்வெயிலும் அமோனியாவும் இதற்கு முதன்மைக் காரணங்கள். நீரை மாற்றினால் மட்டும் தீராது. எஞ்சியவை சில நாட்களில் மீண்டும் பெருகிவிடும்.

3. பசும்புள்ளிப் பாசி: கண்ணாடியிலும் மெல்ல வளரும் செடிகளின் முதிர்ந்த இலைகளிலும் வட்ட வட்டமாக ஒட்டியிருப்பது. துணியால் தேய்த்தால் போகாது. தகட்டால் சுரண்ட வேண்டும். மிகுந்த ஒளியில் வளர்வது. கண்ணாடியில் சிறிதளவு இருத்தல் இயல்பே.

4. இழைப்பாசி: ஸ்பைரோகைரா, கிளாடோஃபோரா முதலியன. பச்சை நூல்போல் நீண்டு செடிகளைச் சுற்றிக்கொள்ளும். ஒரு குச்சியில் நூல் சுற்றுவது போலச் சுற்றி எடுத்துவிடலாம்.

5. கருந்தூரிகைப் பாசி: இலையின் ஓரங்களிலும் வடிகட்டிக் குழாயின் வாயிலும் கருநிறக் குச்சமாக முளைப்பது. கருமையாகத் தோன்றினும் இது செம்பாசி இனத்தது. எரிசாராயத்தில் இட்டால் சிவந்து தன் உண்மை நிறத்தைக் காட்டும். நம் இல்லத்துக் கடற்பாசிக்கு இது தொலைவு உறவு எனலாம். கரியமில வாயுவின் அளவு நிலையாக இராது ஏறியிறங்கும் தொட்டிகளிலும், அழுக்கு மிகுந்த தொட்டிகளிலும் தோன்றும். களைவதற்கு மிகக் கடினமானது இதுவே.

6. நீலப்பசும்பாசி: மணலின்மீதும் செடிகளின்மீதும் வழவழப்பான போர்வையாகப் படர்வது. ஒரு மூலையைப் பிடித்தால் தோலுரிவது போல் உரிந்துவரும். மண்வாடை கலந்த நாற்றம் உடையது. பெயரளவில் பாசியாயினும் இது பாக்டீரியா இனத்தைச் சார்ந்தது. நீரோட்டம் இல்லாத மூலைகளிலும், கசடு தேங்கிய மணலிலும் பெருகும். இவற்றுள் சில, காற்றிலுள்ள நைட்ரஜனையே உணவாக்கிக்கொள்ள வல்லவை. ஆதலின் நைட்ரேட்டைக் குறைப்பதால் மட்டும் இதனை அடக்க இயலாது. சிலவகை நஞ்சையும் சுரக்கும். எனவே இதனைக் கையாண்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும்.

தணிக்கும் வழி

பாசியைக் களைதல் ஒரு நாட் பணியன்று. ஆறு வாரத் தவம். அதன் படிகள் வருமாறு.

முதற்படி, ஒளியை வரையறுத்தல். தொட்டியை நேர்வெயில் படாத சுவரோரம் மாற்றுதல் வேண்டும். மாற்ற இயலாதெனின் வெயில் படும் பக்கத்தில் கறுப்புத் தாள் ஒட்டலாம். விளக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் மட்டுமே எரிதல் வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏற்றி அணைப்பது நலம். பாசி அடங்கியபின் எட்டு மணி நேரம் வரை கூட்டலாம்.

இரண்டாம் படி, உணவைக் குறைத்தல். இரண்டு நிமிடத்தில் மீன்கள் உண்டு முடிக்கும் அளவே போதுமானது. வளர்ந்த மீன்களுக்கு வாரத்தில் ஒரு நாள் உணவின்றி விடுவதால் தீங்கில்லை. வீட்டில் ஒருவர் மட்டுமே உணவிடும் பொறுப்பை ஏற்றல் நன்று. காலையில் தாத்தாவும், பகலில் அம்மாவும், மாலையில் பிள்ளைகளும் தனித்தனியே இடும் உணவே பல தொட்டிகளில் பாசியாக மாறுகிறது.

மூன்றாம் படி, நீர் மாற்றுதல். இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு தொட்டியில் வாரந்தோறும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரேட் சேர்கிறது எனக் கொள்வோம். புதிதாக ஊற்றும் நீரில் நைட்ரேட் இல்லை எனவும் கொள்வோம். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றினால், நாளடைவில் நைட்ரேட் 40 மில்லிகிராம் வரை ஏறி, மாற்றியபின் 30-க்கு இறங்கி, மீண்டும் 40-க்கு ஏறும். அரைப் பங்கு மாற்றினால் 20-க்கு ஏறி 10-க்கு இறங்கும். மாற்றாமலேயே ஆவியான நீரை மட்டும் நிரப்பி வந்தாலோ, அது வாரம் 10 வீதம் ஏறிக்கொண்டே செல்லும்; ஏனெனில் ஆவியாவது நீரே அன்றி உப்பன்று. ஆகவே இயல்பு நிலையில் வாரம் கால் பங்கும், பாசி மிகுந்த காலத்தில் அரைப் பங்கும் மாற்றுதல் முறையாகும். முழு நீரையும் ஒருங்கே கொட்டித் தொட்டியைக் கழுவுதல் பெரும் பிழை. அதனால் நன்மை தரும் நுண்ணுயிர்கள் அழிந்து, தொட்டி மீண்டும் முதல் நாள் நிலைக்குச் செல்லும், அமோனியா ஏறும், மீன் மடியும், பாசியும் வரும்.

குழாய் நீரில் குளோரின் கலந்திருக்கும். அதனை அகன்ற கலத்தில் ஓரிரவு வைத்திருந்தால் குளோரின் அகலும். அல்லது சோடியம் தயோசல்பேட் இட்டுப் போக்கலாம். முன்னாளில் நிழற்படக் கலைஞர்கள் ‘ஹைப்போ’ என்று வழங்கியது இப்பொருளையே. வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாது, தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசிப் பிழிதல் வேண்டும். நீர் மாற்றும்போதே குழாய் கொண்டு மணலில் தேங்கிய கசடை உறிஞ்சி எடுத்துவிடுதல் இன்றியமையாதது.

நான்காம் படி, கையால் அகற்றுதல். கண்ணாடியைச் சுரண்டுக, இழைப்பாசியைச் சுற்றி எடுக்க, பாசி மூடிய முதிர்ந்த இலைகளைக் கத்தரித்து எறிக. சுரண்டிய பாசியை நீரிலேயே விட்டால் அது அழுகி மீண்டும் உரமாகும். எனவே சுரண்டியபின் நீர் மாற்றுவதே சரியான வரிசை.

ஐந்தாம் படி, செடிகளைப் பெருக்குதல். ஹைட்ரில்லா, வாலிஸ்நேரியா, ஹார்ன்வோர்ட் போன்ற விரைந்து வளரும் செடிகளைத் தொடக்கத்திலேயே மிகுதியாக நடுதல் வேண்டும். செடி நடவியலாத தொட்டியில், மணிபிளாண்ட் கொடியின் வேர்மட்டும் நீரில் அமிழுமாறு விளிம்பில் பொருத்தி வைத்தாலும் அது நைட்ரேட்டை உறிஞ்சும். பாசி உண்ணும் உரத்தைப் பயிர் உண்ணச் செய்தலே நிலையான தீர்வு.

பசுநீருக்கும் நீலப்பசும்பாசிக்கும் மட்டும் ஒரு தனிமுறை உண்டு. அதுவே இருட்டடிப்பு. கையால் அகற்றக்கூடியதை அகற்றி, நீரை மாற்றி, தொட்டியைத் தடித்த கறுப்புத் துணியால் மூன்று நாட்கள் ஒளி புகாது மூடுதல் வேண்டும். அந்நாட்களில் உணவிடலாகாது; காற்றூட்டி இடைவிடாது இயங்குதல் வேண்டும். நான்காம் நாள் துணியை அகற்றி அரைப் பங்கு நீரை மாற்றுக. நலமான செடிகள் மூன்று நாள் இருளைத் தாங்கும், பாசி தாங்காது. எனினும் மூலம் தீராவிடின் அது மீண்டும் வரும். பசுநீரைப் போக்கப் புறஊதாக் கதிர் விளக்கும் நற்பயன் தரும். அவ்விளக்கு நீரோட்டத்தில் தன்னைக் கடந்து செல்லும் பாசியணுக்களை மட்டுமே அழிக்கும்.

உயிர்த்துணை

வாரிங்டன் கண்ட நத்தை வழி இன்றும் பயன்படுகிறது. ஓட்டோசிங்கிளஸ் என்னும் சிறுமீன் பழுப்புப் பாசியை விரும்பி உண்ணும். சயாமியப் பாசியுண்ணி, கருந்தூரிகைப் பாசியையும் தின்னும் அரிய மீன். ஜப்பானிய நிழற்படக் கலைஞரும் நீர்த்தோட்டக் கலையின் முன்னோடியுமாகிய தகாஷி அமானோ (1954–2015) ஒருவகை நன்னீர் இறாலைப் பாசி தின்னும் துணையாக உலகிற்கு அறிமுகம் செய்தார். அவ்விறால் இன்று அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. இவை யாவும் துணையே அன்றித் தீர்வல்ல. இவையும் உண்டு கழிக்கும் உயிர்களே என்பதை மறத்தலாகாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கடைகளில் ‘டேங்க் கிளீனர்’ என்றும் ‘சக்கர்’ என்றும் விற்கப்படும் வாயுறிஞ்சு கெளுத்தி, தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. விரலளவில் வாங்கும் அம்மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்தபின் தொட்டி கொள்ளாது. இரக்கத்தின் பேரால் பலர் அதனை ஏரியிலும் ஆற்றிலும் விட்டுவிடுகின்றனர். தமிழகம், கேரளம், மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களின் நீர்நிலைகளில் அது இன்று பெருகிவிட்டது. முள்ளும் தகடுமாக உள்ள அம்மீன் வலையைக் கிழிக்கிறது; விலைபோகாத அதுவே வலையை நிறைக்கும்போது மீனவரின் அன்றாட வருவாய் குறைகிறது. உயிருக்குச் செய்யும் இரக்கம் ஊருக்குத் தீங்காகலாகாது. வேண்டாத மீனைக் கடைக்காரரிடமோ வளர்ப்போரிடமோ ஒப்படைப்பதே முறை.

மருந்துகள்

நீர்நிலைப் பாசியை அழிக்க மயில்துத்தம் பயன்படும் என்பதை அமெரிக்க வேளாண் துறையினர் 1904-இல் எடுத்துக்காட்டினர். அன்றுமுதல் செம்புச் சேர்மங்கள் பாசி மருந்துகளில் இடம்பெற்று வருகின்றன. ஆனால் செம்பு, நத்தைக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு; உப்புக்குறைந்த மென்னீரில் மீனுக்கும் நஞ்சாகும். இல்லத்துத் தொட்டியில் அதனைத் தவிர்த்தலே நன்று.

கருந்தூரிகைப் பாசிக்கு, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிலர் பயன்படுத்துவர். வடிகட்டியை நிறுத்தி, ஊசியற்ற சிரிஞ்சால் பாசியின்மீதே மெல்லப் பீய்ச்சி, சில நிமிடம் கழித்து வடிகட்டியை மீண்டும் இயக்குவர். 40 லிட்டர் நீருக்கு 10 மில்லி என்னும் அளவைக் கடத்தலாகாது. நீலப்பசும்பாசி பாக்டீரியா ஆகையால் எரித்ரோமைசின் அதனை அழிக்கும் என்பது உண்மையே. ஆயினும், மனிதர் நோய்க்குரிய உயிர்க்கொல்லி மருந்தைத் தொட்டியில் கரைத்து வடிகாலில் விடுதல், மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்க்கும் செயலாகும். தொட்டியின் நன்மை தரும் நுண்ணுயிர்களுக்கும் அது தீங்கு செய்யலாம்.

மருந்திட்ட மறுநாள் மீன் மடிவதேன் என்னும் வினாவிற்கு விடை நஞ்சு மட்டுமன்று. ஒருங்கே மடிந்த பாசி அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடுகிறது. 20 பாகை வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். நம் கோடையின் 30 பாகை நீர் தாங்குவது ஏழரை மில்லிகிராமே. இரவில் செடியும் பாசியும் உயிர்வளியை ஆக்குவதில்லை, உண்ணவே செய்கின்றன. எனவே விடியற்காலையில் உயிர்வளி மிகக் குறைந்து, மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்து தவித்து மடிகின்றன. பாசியைக் கொல்வதினும் கொன்ற பாசியை வெளியேற்றுவதே முதன்மையானது என்பதை இதனால் அறியலாம்.

தொட்டியும் ஏரியும்

தொட்டியில் கற்கும் பாடம் தொட்டியோடு நிற்பதன்று. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் 226 என்னும் எண்ணிட்ட ஏரியை, 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் திரையிட்டு இரு கூறாக்கினர். ஒரு கூற்றில் கரிமமும் நைட்ரஜனும் சேர்த்தனர். மறு கூற்றில் அவ்விரண்டுடன் பாஸ்பரசும் சேர்த்தனர். பாஸ்பரஸ் சேர்ந்த கூறு பாசியால் பசுமையேறியது. மற்றது தெளிந்தே இருந்தது. வானிலிருந்து எடுக்கப்பட்ட அவ்வேரியின் நிழற்படம் உலகின் கண்களைத் திறந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்கு அவ்வாய்வு வலிமை சேர்த்தது.

நம் ஊர்க் குளங்கள் பசுங்குழம்பாகி நாற்றமெடுப்பதும் இதே காரணத்தால்தான். வீட்டுக் கழிவுநீரும், சலவை நீரும், வயலில் மிஞ்சிய உரமும் குளத்திற்கு நாம் இடும் மிகையுணவு. பாசியைப் பழிப்பதில் பயனில்லை. நாம் இட்டதையே அது உண்கிறது. 54 லிட்டர் நீரைத் தெளிவாக வைத்திருக்கக் கற்ற மாணவன், தன் ஊர்க் குளத்தில் எந்த வாய்க்கால் எதைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்று கேட்கவும் கற்பான். அவ்வினாவே இக்கல்வியின் பெரும்பயன்.

முடிவுரை

பாசி என்பது நோயன்று, நோயின் அறிகுறி. மிகை ஒளி, மிகை உணவு, மிகை மீன், குறைந்த நீர்மாற்றம், நலிந்த செடி என்பனவே நோயின் மூலங்கள். இன்ன வகைப் பாசி என அறிந்து, ஒளியை வரையறுத்து, உணவைக் குறைத்து, முறையாக நீர் மாற்றி, கையால் அகற்றி, செடியைப் பெருக்கினால் ஆறு வாரங்களில் மாற்றத்தைக் காணலாம். மருந்து கடைசி வழி. வேண்டாத உயிரை நீர்நிலையில் விடுதல் ஒருபோதும் வழியன்று.

கண்ணாடிக்குள் நாம் அடைத்து வைத்த உயிர்கள் தம் நீரைத் தாமே மாற்றிக்கொள்ள இயலாதவை. ஓடும் ஆற்றில் வாழ்ந்த மீனுக்கு ஆறு செய்த பணியை, தொட்டியில் வாழும் மீனுக்கு வளர்ப்பவரே செய்தாக வேண்டும். வாரத்தில் அரைமணி நேரம் அதற்கென ஒதுக்க இயலாதவர் தொட்டியை வாங்காதிருத்தலே அம்மீன்களுக்குச் செய்யும் நன்மையாகும். ஒதுக்க இயன்றவர்க்கோ, தெளிந்த நீரும் துள்ளும் மீனும் நாள்தோறும் கண்ணுக்கு விருந்தாகும்.